ஸ்கேன் நார்மல், ஆனால் கால் இழுக்கிறது: உங்கள் கேள்விக்கு

"எட்டு மாசமா இடது கால் இழுக்குது, ஸ்கேன் எல்லாம் நார்மல், டீச்சர் வேலையையும் விட்டுட்டேன், இனி நான் யாரு?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியை நானும் ரொம்ப நாள் சுமந்தேன்.

நீங்கள் நடிக்கவில்லை. நமக்கு வந்திருக்கும் செயல்பாட்டு நரம்பியல் கோளாறில் (FND) நரம்பு அறுந்துபோவதில்லை, மூளையின் கட்டளை தடுமாறுகிறது. மன அழுத்தம் தூண்டியிருக்கலாம். எல்லோருக்கும் அதுதான் காரணம் என்றில்லை. ஹூவர் என்ற மருத்துவர் 1908-லேயே ஒரு சோதனை சொன்னார். படுத்தபடி நல்ல காலைத் தூக்க, மருத்துவர் அதை அழுத்திப் பிடிப்பார். அப்போது பலவீனமான காலின் குதிகால் தானாகவே கீழே அழுந்தும். பலம் உள்ளேதான் இருக்கிறது! உங்கள் மருத்துவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள், வீட்டாரையும் கூட்டிப்போங்கள். எனக்கு அதைச் செய்து காட்டிய அன்றுதான் நிம்மதியில் அழுகை வந்தது.

நல்ல நாளில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுகிறேன் என்கிறீர்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மோசமான நாளிலும் முடிகிற அளவை மட்டும் தினமும் செய்யுங்கள். எனக்கு அது பத்து நிமிடம் துணி மடிப்பது. காலையே பார்த்து நடந்தால் இழுத்தது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்தால் சரளமாக வந்தது. இந்த நோய் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வகுப்பறைக்கு இப்போதே ஓட வேண்டாம். ஒரே ஒரு பிள்ளைக்கு, வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். புதிதாக எந்த அறிகுறி வந்தாலும் இதன் தலையில் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் பாடம் எப்படிப் போனது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.