அணு உலை நியூட்ரினோவில் பிஎச்டி: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார். எம்எஸ்சி இயற்பியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், அணு உலைகளிலிருந்து வரும் ஆன்டிநியூட்ரினோக்கள் என்ற மின்னூட்டமில்லாத நுண்துகள்களின் ஆற்றல் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை வருகின்றன என்பதை, ஆராயப் போகிறேன் என்கிறார். உங்களுக்கு இரண்டு பயம்: உடம்புக்கு ஆகுமா, வேலை கிடைக்குமா?

உடம்பைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஆன்டிநியூட்ரினோக்கள் கோடானுகோடியாக நம்மை ஊடுருவிப் போகின்றன, நம் உடம்பு அதை உணர்வதே இல்லை. பிடிப்பதுதான் பெரும்பாடு. 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவன்னா ரிவர் உலையருகே முதன்முதலில் பிடித்துக் காட்டினார்கள். அதற்கான நோபல் பரிசு 1995இல்தான் ரெய்ன்ஸுக்கு வந்தது. கோவன் அதற்குள் காலமாகிவிட்டார். நியூட்ரினோ என்றதும் தேனி மலைத் திட்டம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கலாம். அது வளிமண்டல நியூட்ரினோவுக்கானது, இது வேறு.

இந்தத் துறையில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்டால், நிறைய இருக்கிறது. உலையில் ஒரு அணுக்கரு பிளந்தால் சராசரியாக ஆறு ஆன்டிநியூட்ரினோக்கள் வரும். அவை எந்தெந்த ஆற்றலில் எத்தனை என்று கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று, யுரேனியமும் புளூட்டோனியமும் பிளந்து உருவாகும் நூற்றுக்கணக்கான அணுக்கருக்களின் பீட்டாச் சிதைவுகளை (ஒரு எலக்ட்ரானும் ஒரு ஆன்டிநியூட்ரினோவும் சேர்ந்து வெளிவரும் சிதைவு) ஒவ்வொன்றாகக் கூட்டுவது. இதில் தரவு ஓட்டைகள் அதிகம். இன்னொன்று, 1980களில் பிரான்ஸின் கிரனோபிளில் அளந்த எலக்ட்ரான் நிறமாலையிலிருந்து மாற்றிக் கணக்கிடுவது. 2011இல் இரண்டாவது வழியைத் திருத்திப் போட்டபோது, உலைகளில் அளந்தது கணிப்பைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவாக நின்றது. குறைந்தவை கருவியில் சிக்காத புதுவகை நியூட்ரினோவாக மாறிவிட்டனவோ என்று பலரும் கிளம்பினார்கள். ஆனால் 2017இல் சீனாவின் டாயா பே குழு, எரிபொருள் மாற மாற எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்த்து, யுரேனியம்-235இன் கணிப்பைத்தான் முக்கியமாகச் சந்தேகித்தது. பிறகு மாஸ்கோவின் குர்ச்சாதவ் நிறுவனம் செய்த புது அளவீடும் கிரனோபிள் எண்களில் பிசகு இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தது. 5 எம்இவி (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே கணிப்பைவிட எண்ணிக்கை கூடி, 2014இல் மூன்று குழுக்கள் கண்ட புடைப்புக்கு மட்டும் எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை. என்னைக் கேட்டால், பிஎச்டிக்கு இப்படி முடிச்சு அவிழாத இடம்தான் நல்லது.

சீனாவில் உலை ஆன்டிநியூட்ரினோக்களைப் பிடிக்க 20,000 டன் திரவம் நிரம்பிய ஜூனோ கருவி 2025இல் அளவீட்டைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் துருவா உலையை ஒட்டி இஸ்ம்ரான் என்ற பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) கருவி இருக்கிறது.

இனி வேலை விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன்: பிஎச்டிக்குப் பிறகு சில வருடம் வெளிநாட்டில் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சிப் பணி, அதற்கப்புறமும் பேராசிரியர் இடங்கள் கொஞ்சம்தான். நிச்சயமான சம்பளம் முதலில் வேண்டுமென்றால் பாபா மையத்தின் ஓசெஸ் பயிற்சியைப் பாருங்கள். ஒரு வருடம் உதவித்தொகையோடு படிப்பு, தேறினால் அணுசக்தித் துறையில் விஞ்ஞானி வேலை, பிஎச்டியை அங்கிருந்தபடியே ஹோமி பாபா தேசியப் பல்கலையில் செய்யலாம். வயது வரம்பு இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது. நேரே ஆராய்ச்சிக்குப் போவதென்றால் சிஎஸ்ஐஆர் நெட், கேட், ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வுகள். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும்.

துறை பிடிக்காமல் போனாலும் கற்றது வீணாகாது. ஜியன்ட்4, ரூட் என்ற துகள் இயற்பியல் மென்பொருள்கள், பைத்தான் நிரல்மொழி, அளவீட்டுப் பிழைக் கணக்கு எல்லாம் கதிர்மருத்துவ இயற்பியலிலும் தரவுப் பகுப்பாய்விலும் கேட்கிறார்கள். உலையை நிறுத்திய பின்னும் வரும் சிதைவு வெப்பத்தைக் கணிக்க இதே பீட்டாச் சிதைவுத் தரவுதான் தேவை.

இப்போது மகள் முடிவெடுக்க வேண்டியது, அளவீடா, மாதிரிக் கணக்கா என்பதைத்தான். முதலாவதில் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும், இரண்டாவதில் தரவுத்தளத்தோடு. இந்தக் கோடையில் ஏதாவது ஒரு குழுவில் புராஜெக்ட் செய்யட்டும். சேரும் முன் வழிகாட்டியிடம், அவரிடம் பிஎச்டி முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு குழுவைத் தேடலாம்.