மருந்துக்கு அடங்காத ஈஸ்ட்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கேள்விகள்

குமுளி மலைப்பாதையின் மேலும் கீழும் உள்ள மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்களும், அங்கே உறவினரைச் சேர்த்திருப்பவர்களும், கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகை பற்றியும் அதில் மருந்துக்கு எளிதில் அடங்காத ஆரிஸ் என்னும் இனம் பற்றியும் கேட்டவற்றுக்கு, நுண்ணுயிரியல் ஆய்வகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆய்வக நுட்பநர், கம்பம்): ஐசியூ நோயாளியின் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈஸ்ட் வளர்ந்தது. ஆல்பிகன்ஸ் இனத்தைப் பிரித்தறியும் ஜெர்ம் டியூப் சோதனை நெகட்டிவ். "கேண்டிடா, ஆல்பிகன்ஸ் அல்ல" என்று அறிக்கை கொடுத்தேன். இது போதாதா, டாக்டர்?

பதில்: போதாது. அந்த ஒரு வரிக்குள் டிராபிகாலிஸ், பாராப்சிலோசிஸ், கிளாப்ராட்டா, குரூசி, ஆரிஸ் என்று ஐந்தாறு பேர் ஒளிந்திருக்கலாம். குரூசியிடம் வழக்கமான பூஞ்சை மருந்தான புளூகோனசோல் பிறவியிலேயே வேலை செய்யாது; ஆரிஸில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. பெயர் இல்லாத அறிக்கையைப் பார்க்கும் மருத்துவர் கைக்குப் பழகிய புளூகோனசோலைத்தான் எழுதுவார். நோயாளிக்கு நான்கைந்து நாள் வீணாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு மருத்துவமனையில், ஒரே ஐசியூவிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வந்த மூன்று மாதிரிகளுக்குத் தானியங்கிக் கருவி "கேண்டிடா ஹீமுலோனி" என்றே பெயர் காட்டியது. எப்போதோ ஒன்று வரும் கிருமி வரிசையாக மூன்று முறை வந்ததே எனக்கு உறுத்தலாக இருந்ததால், ஒரு தட்டை 42 டிகிரி இன்குபேட்டரில் வைத்தேன். ஹீமுலோனி அந்தச் சூட்டைத் தாங்காது. மறுநாளுக்கு மறுநாள் திறந்தபோது தட்டு முழுக்க வெண்ணெய் நிறத்தில் காலனிகள் நிறைந்திருந்தன. மால்டி-டாஃப் (கிருமியின் புரதங்களை வைத்து இனத்தைக் காட்டும் கருவி) வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். மூன்றும் ஆரிஸ் என்று பதில் வந்தது. வேறு சில பழைய சோதனைக் கீற்றுகள் இதையே "ரோடோடொரூலா" என்று காட்டும். ஆனால் ரோடோடொரூலா இளஞ்சிவப்பாக வளரும், இதுவோ வெளுப்பு. கருவி சொல்வதும் கண் காண்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணை நம்புங்கள். மால்டி-டாஃப் உங்களிடம் இல்லாவிட்டாலும், "ஆரிஸ் என்று ஐயம், உறுதிசெய்ய அனுப்பப்பட்டுள்ளது" என்று அறிக்கையில் எழுதவும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும் எந்தக் கருவியும் தேவையில்லை.

இன்னொன்று: ஆரிஸில் ஆம்போடெரிசின் பி என்னும் பூஞ்சை மருந்துக்கு எதிர்ப்பு இருப்பதாகச் சில தானியங்கிக் கருவிகள் மிகைப்படுத்திக் காட்டுவதுண்டு. அந்த முடிவை வேறொரு முறையிலும் சரிபார்க்காமல் மருந்தை ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி (பயிற்சி மருத்துவர், உத்தமபாளையம்): ரத்தத்தில் ஆரிஸ் உறுதியானால் எதைக் கொண்டு தொடங்குவது, மேடம்?

பதில்: பெரியவர்களுக்கு எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்துகளே முதல் தேர்வு. கேஸ்போபஞ்சின் என்றால் முதல் நாள் 70 மில்லிகிராம், பிறகு நாளுக்கு 50. மைக்காபஞ்சின் என்றால் நாளுக்கு 100. எதிர்ப்புச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் சிகிச்சை நடக்கும்போதே கிருமியின் எஃப்கேஎஸ்1 என்னும் மரபணு மாறி இந்த மருந்துக்கும் எதிர்ப்பு தோன்றுவதுண்டு. ஐந்து நாள் கழிந்தும் கல்ச்சரில் ஈஸ்ட் வந்துகொண்டிருந்தாலோ நோயாளி தேறாவிட்டாலோ லிப்போசோமல் ஆம்போடெரிசின், உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 5 மில்லிகிராம். பச்சிளம் குழந்தைக்கு ஆம்போடெரிசினே முதலில் வரும்.

மருந்தைவிட முதலில் மறக்கப்படுவது, பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தியிருக்கும் சென்ட்ரல் லைன் குழாய்தான். எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் படலத்துக்குள் மருந்து சரியாக ஊடுருவாது. ரத்தக் கல்ச்சரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது திரும்ப எடுத்து, முதல் நெகட்டிவ் வந்த நாளிலிருந்து 14 நாள் கணக்கிடுங்கள். மருந்து தொடங்கிய நாளிலிருந்து அல்ல. கண் மருத்துவரை அழைத்து விழித்திரையையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் எக்கினோகேண்டின் கண்ணுக்குள்ளோ மூளைத் தண்டுவட நீருக்குள்ளோ போதிய அளவு செல்வதில்லை.

கேள்வி (செவிலியர், தேனி): யூரின் டியூப் போட்டவர்களுக்கு அடிக்கடி சிறுநீரில் கேண்டிடா வருகிறது. எல்லாருக்கும் மருந்து போடலாமா?

பதில்: கூடாது. காய்ச்சலோ எரிச்சலோ இல்லாதவருக்கு டியூபை எடுப்பதோ மாற்றுவதோ போதும். வெள்ளணுக்கள் மிகக் குறைந்தவர், மிகக் குறைந்த எடையுள்ள பச்சிளம் குழந்தை, சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப்போகிறவர் ஆகியோர் மட்டும் விலக்கு; அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து வேண்டும்.

கேள்வி (அதே செவிலியர்): வார்டை ஃபீனைல் போட்டுத்தான் துடைக்கிறோம். சரிதானே?

பதில்: வாசனை வரும், ஆரிஸ் போகாது. வார்டுகளில் வழக்கமாகப் புழங்கும் குவாட்டர்னரி அமோனியம் கரைசல்களில் பலவும் இதற்கு எதிராகத் தோற்றுப்போகின்றன. குளோரின் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து, சொல்லப்பட்ட நேரம் ஈரமாகவே இருக்க விட்டுத் துடைக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகும். உலர்ந்த பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு வாரம்கூட உயிரோடு இருக்கக்கூடியது இது. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் ஐசியூவை மையமாகக் கொண்டு 70 பேருக்குப் பரவியபோது, தேடித்தேடிக் கடைசியில் சிக்கியது, கட்டிலுக்குக் கட்டில் மாற்றி அக்குளில் வைத்த வெப்பமானி. அதை நிறுத்திய பிறகே புதிய நோயாளிகள் குறைந்தார்கள். ஆகவே தரையைத் தேய்க்கும் அக்கறையில் பாதியையாவது பிபி கஃப், தெர்மாமீட்டர், கட்டில் கம்பி ஆகியவற்றின் மேல் காட்டுங்கள். கைக்கு ஆல்கஹால் திரவம் நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி (ஏலத்தோட்டக் கண்காணிப்பாளர், குமுளி): நாங்கள் ஏலச்செடிக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியால்தான் இது வந்தது என்கிறார்களே?

பதில்: வயலில் அடிக்கும், புளூகோனசோலின் இனத்தைச் சேர்ந்த அசோல் மருந்துகளால் எதிர்ப்பு வளர்வது ஆஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சையில் தெளிவாக நிறுவப்பட்டது. ஆரிஸைப் பொறுத்தவரை அது இன்னும் ஐயம் என்ற அளவில்தான் நிற்கிறது. வட இந்தியாவில் சேமித்து வைத்த ஆப்பிள்களின் மேல் ஆரிஸைக் கண்டெடுத்திருப்பது அந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. அந்தமான் கடற்கரை மணலிலும் கண்டிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தின் மேல் பழி போட இதில் ஆதாரமில்லை.

கேள்வி (வண்டிப்பெரியாறு தோட்டத் தொழிலாளியின் மகன்): அப்பா மலைக்கு அந்தப் பக்கம் மூன்று வாரம் ஐசியூவில் இருந்தார். இப்போது கம்பத்தில் சேர்த்திருக்கிறோம். அக்குளில் பஞ்சுக்குச்சியால் எடுத்த ஸ்வாபில் "கேண்டிடா ஆரிஸ்" என்று வந்ததால் தனி அறையில் போட்டுவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. ஏன் மருந்து தர மறுக்கிறார்கள், அம்மா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: தம்பி, அவர்கள் மறுக்கவில்லை, அப்பாவுக்கு இப்போது நோய் இல்லை. கிருமி தோலின் மேல் குடியிருக்கிறது, ரத்தத்துக்குள் போகவில்லை. தோலில் இருப்பதை விரட்ட நம்பத்தகுந்த மருந்து கிடையாது. தேவையின்றிக் கொடுத்தால் உள்ள மருந்துக்கும் எதிர்ப்பு வளரும். தனி அறை அப்பாவுக்குத் தண்டனை அல்ல, பக்கத்துக் கட்டிலில் வென்டிலேட்டரோடு கிடப்பவருக்குப் பாதுகாப்பு. ஆரோக்கியமான குடும்பத்தாருக்கு இதனால் நோய் வருவது மிக அரிது. அவரைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், பேரனை மடியில் வைத்துக்கொள்ளட்டும். தோலில் இது பல மாதம் தங்கும் என்பதால், அடுத்து கோட்டயம் மருத்துவமனைக்குப் போனாலும் தேனி க.விலக்கு மருத்துவமனைக்குப் போனாலும், அந்த ஸ்வாப் அறிக்கையை டிஸ்சார்ஜ் காகிதக் கட்டின் அடியில் விடாமல் மேலே குத்திக்கொண்டு போய், கட்டில் ஒதுக்கும் முன்பே காட்டுங்கள்.