முருங்கை இலைப் புரதம்: 6.7-ஆ, 27-ஆ?

நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் உங்கள் கெல்டால் சோதனையில் பச்சை முருங்கை இலைக்குப் புரதம் 6.7 சதவீதம் வந்திருக்கிறது, கட்டுரைகளில் 27 என்று இருக்கிறது, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை. நீங்கள் கண்ட ஈரப்பதம் 75 சதவீதம். அப்படியானால் 100 கிராம் இலையில் உலர்பொருள் 25 கிராம்தான். 6.7-ஐ 0.25-ஆல் வகுத்துப் பாருங்கள்: 26.8. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பச்சை எடையா, உலர் எடையா என்று கட்டாயம் எழுதுங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் இந்த இலையைப் பற்றி இத்தனை மிகைப்பேச்சு.

அளந்த நைட்ரஜனைப் புரதமாக மாற்றும் 6.25 என்ற பெருக்கு எண், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்ற அனுமானத்தில் வருவது. மருந்துச் செடிகளில் ஆல்கலாய்டுகளின் (புரதமல்லாத நைட்ரஜன் சேர்மங்களின்) நைட்ரஜனும் அதில் சேர்ந்துவிடும். ஆகவே 'கச்சாப் புரதம்' என்றே போடுங்கள்.

சாம்பல் அளவு காண இலையை எரித்தபோது கிடைத்த சாம்பல் கருப்பாக இருக்கிறது என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. கரி முழுதாக எரியவில்லை. குரூசிபிளை (எரிக்கும் கிண்ணத்தை) ஆறவிட்டு, சாம்பலைச் சில சொட்டு நீரில் நனைத்து, நன்றாக உலர்த்தி, மறுபடி 550 டிகிரியில் வையுங்கள். வெளிர்சாம்பல் நிறம் வந்து, எடை மாறாமல் நிற்க வேண்டும். அப்புறம், 105 டிகிரியில் உலர்த்திய இலையை வைட்டமின் சி பார்க்க எடுக்காதீர்கள். அதற்குப் பச்சை இலையே வேண்டும்.