டெங்கு மாறி இரண்டு வாரம், இப்போது 'சைட்டோகைன் புயலா'?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அம்மாவுக்கு 61 வயது, டெங்கு சுகமாகி இரண்டு வாரம், காய்ச்சல் இல்லை, களைப்பு மட்டும் விடவில்லை. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கும் ஒருவர் 'எதிர்ப்புச் சக்திப் பெக்கேஜ்' ஒன்றைச் செய்வித்தாராம். அதில் இன்டர்லியூகின் 6 என்ற சைட்டோகைன் கொஞ்சம் கூட. சைட்டோகைன் புயல் வரப்போகிறது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் குளிசை மூன்று மாதம் எடுங்கள் என்று அவரே விற்கவும் பார்க்கிறார். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். குளிசையும் வேண்டாம்.

சைட்டோகைன்கள் கலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சுரக்கும் சிறு புரதங்கள். அவற்றில் கெமோகைன் என்ற கூட்டத்துக்கு வழிகாட்டுகிற வேலை. கிருமி புகுந்த இடத்தில் அது செறிவாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும், வெண்குருதிக் கலங்கள் கருவாடு பொரிக்கும் வாசத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போவதுபோல செறிவான பக்கமாக நகரும். இதெல்லாம் இழையத்துக்குள் நடப்பது. கையில் குத்தி எடுத்த இரத்தத்தில் இதை அளப்பது, காலி வீதியில் நின்று மோந்துவிட்டு எந்த வீட்டில் பொரிக்கிறார்கள் என்று சொல்வதற்குச் சமம்.

இன்டர்லியூகின் 6 உடற்பயிற்சி செய்தாலும் ஏறும், உடல் பருமனிலும் கூடவே இருக்கும், இப்போதுதான் ஒரு தொற்றிலிருந்து எழும்பியவருக்குக் கொஞ்சம் கூடினால் அதில் என்ன அதிசயம்? புயல் என்பது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், இரத்த அழுத்தம் விழுந்து கிடக்கிறவரின் நிலை. டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போது குருதிக் கலன்கள் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான், அம்மா அதைத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது.

அப்புறம் அந்த ஆளின் கணக்கையே பாருங்கள். எதிர்ப்பு அளவுக்கு மீறிப் பொங்குவதுதான் புயல். அது வரப்போகிறது என்றால் எதிர்ப்பை இன்னும் கூட்ட எதற்குக் குளிசை? வைத்தியர் எழுதித் தராத பரிசோதனையைச் செய்து, முடிவையும் தானே வாசித்து, மருந்தையும் தானே விற்கிறவரை வாசலோடு அனுப்புங்கள். ஒரு வைத்தியரைச் சனல் பண்ணி இரண்டு மணித்தியாலம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வரும் சனம் இப்படியானவர்களிடம் போய் விழுவதில் ஆச்சரியமில்லை, அந்த ஐந்து நிமிடத்தில் களைப்பைப் பற்றி யார் விளங்கப்படுத்துகிறார்கள்!

அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வழமையாக சிஆர்பி என்ற புரதத்தை இரத்தத்தில் அளந்தால் போதும். இன்டர்லியூகின் 6 சொல்லித்தான் ஈரல் சிஆர்பியைச் சுரக்கிறது, பரிசோதனையும் மலிவு. ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாக வாசியுங்கள்: மூட்டுவாதத்துக்கு டொசிலிசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு அந்தச் செய்தியே தடுக்கப்பட்டிருக்கும், ஆகவே கடும் தொற்று இருந்தாலும் சிஆர்பி குறைவாகவே காட்டலாம், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அப்படிப்பட்டவர் "சிஆர்பி நோர்மல்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அந்த ஊசி போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, போட்டால் இதை மறக்காதீர்கள்.

மற்றபடி டெங்குக்குப் பிறகு சில வாரம் களைப்பு இருப்பது சாதாரணம். காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ, கடும் வயிற்றுவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசையை ஏற்கனவே வாங்கிக் கொடுத்திருந்தால் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.