சோம்பேறிப் பட்டம் கொடுத்தது யார்?

கேள்வி: தென்னாப்பிரிக்க மண்ணின் மக்களான ஜூலுக்கள் கரும்புத் தோட்டங்களில் உழைக்க மறுத்ததால்தான் 1860இல் நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லலாமா?
— ஒரு வாசகர், டர்பன்

பதில்: சொல்லலாம், கரும்புத் தோட்ட முதலாளியின் பொய்யை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்காத வரை. அவன் கொடுக்கும் கூலிக்கு வராதவனெல்லாம் அவன் அகராதியில் சோம்பேறி.

டர்பனைச் சுற்றியிருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான அன்றைய நேட்டாலில் ஜூலுக் குடும்பங்களுக்கு உழ நிலமும் மேய்க்க மாடும் இருந்தன. சோளம் விளைத்து வெள்ளையருக்கே விற்றார்கள். 1849இல் வெள்ளை அரசு குடிசைக்கு 7 ஷில்லிங் வரி போட்டது. மாட்டையும் தானியத்தையும் விற்று அதையும் கட்டினார்கள். சொந்தக் காட்டை விட்டுவிட்டு அடுத்தவன் கரும்பை வெட்ட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? முதலாளிக்குத் தேவைப்பட்டது வேறு ஆள்: நினைத்தால் ஊர் திரும்ப முடியாதவன், ஒப்பந்தத்தில் வருடக்கணக்காகக் கட்டிப்போடக்கூடியவன். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது அதற்காகத்தான். முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்ததும் நம்மவர்கள் செய்ததைப் பாருங்கள். துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டு டர்பனில் விற்றார்கள். ஜூலுக்கள் செய்த அதே காரியம்! உடனே 1895இல் சட்டம் வந்தது: மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லையேல் இந்தியா போ, இங்கேயே இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டு. மாதம் 12 ஷில்லிங் வாங்குபவனுக்கு அது ஐந்து மாதக் கூலி (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்). ஜூலுக்கள்மீதும் 1905இல் ஆளுக்கு 1 பவுண்டு தலைவரி விழுந்தது. மறு ஆண்டே அதை எதிர்த்து ஜூலுத் தலைவர் பம்பாத்தாவின் கிளர்ச்சி. நம் பக்கத்தில் 3 பவுண்டு வரியை எதிர்த்து 1913 வேலைநிறுத்தம். 1914இல் 3 பவுண்டு வரி ஒழிந்தது. சோம்பேறிகளைத் திருத்தவா இத்தனை வரி? சொந்தக் காலில் நின்றவர்களைத் தோட்டத்துக்குத் துரத்தத்தான்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு: இந்தியன் என்றாலே சுரண்டும் கடைக்காரன் என்று. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் மூண்ட கலவரத்தில் டர்பனில் 142 பேர் மாண்டார்கள். இனங்கள் சேர்ந்து வாழாது என்பதற்கு வெள்ளை ஆட்சியாளர்கள் அதையே சான்றாகக் காட்டினார்கள்; 1950இல் இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அதன்பின் இரு சாராரும் வாழ்ந்த டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து இந்தியரைச் சாட்ஸ்வர்த்துக்கும் ஆப்பிரிக்கரைக் க்வாமாஷுவுக்கும் பெயர்த்தார்கள்.

பிள்ளைகளுக்குக் குடிசை வரியையும் 3 பவுண்டு வரியையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுங்கள். தனித்தனியாகச் சொன்னால்தான் பழைய கதை நுழைந்துகொள்கிறது.