ப்ராஜெக்ட் வழியாகச் சமூகவியல்: தலைப்பு வேண்டாம், கேள்வி கொடுங்கள்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் முதலாண்டுக்குச் சமூகவியல் அறிமுகத் தாள் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறுபது பிள்ளைகள், வாரம் ஐந்து மணி நேரம். இன்டர்னல் 25 மார்க் மட்டும்தான் என் கையில். போன வருஷம் ப்ராஜெக்ட் கொடுத்தேன். செட்டிநாட்டு வீடுகள், செட்டிநாட்டுச் சமையல் என்று எல்லாரும் நெட்டில் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பாடத்தையே ப்ராஜெக்ட் வழியாக நடத்த முடியுமா சார்?"

தாராளமாக முடியும் மேடம். ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று பாருங்கள். 'செட்டிநாட்டு வீடுகள்' என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்தால் நெட்டிலிருந்துதான் வரும், வேறு எங்கிருந்து வரும்? அதையே, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டை இன்றைக்கு யார் பெருக்குகிறார்கள், சாவி யார் கையில், சம்பளம் எந்த ஊரிலிருந்து வருகிறது, ஓடு உடைந்தால் எத்தனை பங்காளிகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்த வெப்சைட்டிலும் பதில் இருக்காது. போய்க் கேட்டால்தான் உண்டு. அந்தப் பதிலோடு அவர்கள் வகுப்புக்கு வந்த பிறகு, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்கிற வணிகச் சமூகம் பர்மாவில் வட்டித்தொழில் நடத்தியது, 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பான் படை வந்தபோது பர்மாவைவிட்டு ஓடிவந்தது, 1960களில் அங்கே நடந்த நாட்டுடைமை என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பூட்டை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

அடுத்தது, பன்னிரண்டு குழுவுக்குப் பன்னிரண்டு விஷயம் கொடுக்காதீர்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே கேள்வி, இடம் மட்டும் வேறு வேறு. ஒரு தெருவைப் பற்றி மட்டும் தெரிந்தால் அது ஊர்க்கதையாகவே நின்றுவிடும். கண்டனூர்த் தெருவையும் புதுவயல் ரைஸ்மில் பக்கத்துத் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இப்படி வேறுபடுகிறது என்று கேட்கும்போதுதான் சமூகவியல் ஆரம்பிக்கிறது.

முதல் ப்ராஜெக்டைக் குடும்பத்தில் வையுங்கள், நான்கு வாரம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் தெருவில் ஐந்து வீட்டில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்தக் கூரையின் கீழ் யார் யார் இருக்கிறீர்கள், எத்தனை அடுப்பு எரிகிறது, யார் யாருக்குச் சேர்த்து உலை வைக்கிறீர்கள், வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிறவர் யாராவது உண்டா. சாதாரணக் கேள்விகள்தான், ஆனால் பட்டியல் போட ஆரம்பித்ததும் பிள்ளைகள் திணறுவார்கள், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனைக் குடும்பத்தில் சேர்ப்பதா வேண்டாமா, ஒரே வீட்டில் தனியாகப் பொங்கிச் சாப்பிடும் அப்பத்தாவை எங்கே எழுதுவது என்று. அந்தத் திணறலை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. நம்முடைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சேர்ந்து வசித்துப் பொதுவான சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரு குடித்தனமாகக் கணக்கெடுக்கிறது. நகரத்தார் வீட்டிலோ கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' பழைய வழக்கம், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், அவனுக்கென்று ஓர் அறை, தனிச் சமையல், ஆனால் வீடும் சாமியும் பொது. அப்படியென்றால் அது கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா? பாடப்புத்தகம் இரண்டையும் நேர் எதிராக வைத்துச் சொல்கிற விளக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பிள்ளைகளே முட்டிப் பார்க்கட்டும்.

இரண்டாவதற்கு மொய் நோட்டு. வீட்டுப் பரணில் இருக்கும், ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். எத்தனை ஊர்களிலிருந்து மொய் வந்திருக்கிறது, திருப்பிச் செய்தாயிற்றா, செய்யாவிட்டால் என்ன பேசுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது மூன்றுமே கடமை என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் எழுதியதை அதன் பிறகு சொல்லிப் பாருங்கள். கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற மொய்விருந்தைப் பார்த்த பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் வகுப்பை அவர்களே நடத்திவிடுவார்கள்.

மூன்றாவது வேலை. ஆத்தங்குடிக் கல் பட்டறை, ரைஸ்மில், சாயங்காலம் அவர்களே வேலைக்குப் போகிற ஜவுளிக்கடை, எதுவானாலும் சரி. வேலையை யாரிடம் கற்றார், சம்பளம் நாள் கணக்கா எண்ணிக்கைக் கணக்கா, யாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள். இது போதும்.

சாதியைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்கிறேன். முதல் செமஸ்டர் பிள்ளையிடம் படிவத்தைக் கொடுத்து, வீடு வீடாகப் போய் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்க வைக்காதீர்கள். கேட்கப்படுகிறவருக்கு மட்டுமல்ல, கேட்கிற பிள்ளைக்கும் அவமானம் நேரலாம். காலனியிலிருந்து வரும் மாணவனை இன்னொரு தெருவுக்கு அனுப்பினால் வாசலில் அவனுக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். அதனால்தான் அவரவர் தெரு என்கிறேன். டீக்கடை, குழாயடி, பஸ் ஸ்டாப், கோயில் வாசல் இவற்றில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதிலேயே அடுக்குமுறை தெரிந்துவிடும், அதை வகுப்பில் கவனமாகப் பேசுங்கள். அப்புறம், இரண்டு பேராகப் போகட்டும், பகலில் போகட்டும், கையில் கல்லூரி முத்திரை போட்ட கடிதம் இருக்கட்டும். அனுமதி இல்லாமல் போட்டோ கூடாது, எழுத்தில் பெயர்களை மாற்றிவிட வேண்டும்.

மார்க்கை அறிக்கைக்குக் கொடுக்காதீர்கள், நோட்டுக்குக் கொடுங்கள். 25இல் 10 களக்குறிப்பு நோட்டுக்கு, 5 அட்டவணைக்கு, 5 வாய்மொழியாகச் சொல்வதற்கு, 5 அடுத்த குழுவின் தெருவோடு ஒப்பிட்டு எழுதுவதற்கு. கையெழுத்து நோட்டு, இடது பக்கம் பார்த்ததும் கேட்டதும், வலது பக்கம் தான் நினைத்தது. "அந்த அம்மா ரொம்ப ஏழை" என்று இடது பக்கத்தில் இருந்தால் அடித்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் வாசலில் விறகடுப்பில்தான் வெந்நீர் கொதித்தது, சிலிண்டர் விருந்தாளி வந்தால் மட்டும் என்றார்" என்று திருத்தி எழுதிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வாரம் பத்து நோட்டு ஊன்றிப் படித்தால் போதும், அறுபதையும் ஒரே வாரத்தில் திருத்த நினைத்தால் உங்களால் தாங்க முடியாது.

முதலாண்டுப் பிள்ளைகளால் இது ஆகுமா என்று துறைத்தலைவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை வைத்துத்தான் கிராமங்களை ஆராய்ந்தார். 1918இல் அது புத்தகமாகவே வந்தது, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரமும் அதில் உண்டு. 1930களில் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் ஆராய்ந்தார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகளின் அட்டவணைகளையும் துறையில் பத்திரமாக வையுங்கள், அடுத்த பேட்ச் அதே தெருக்களுக்குப் போகலாம்.

75 மார்க் பரீட்சையை நினைத்துப் பயப்பட வேண்டாம். களத்திலிருந்து வந்த ஒவ்வொரு விஷயத்துக்கும் அன்றைக்கே பாடப்புத்தகச் சொல்லைப் போர்டில் எழுதிவிடுங்கள்: தகுநிலை (ஸ்டேட்டஸ்), பங்கு (ரோல்), பரிமாற்றம், அடுக்கமைவு (மேல் கீழ் என்ற சமூக அடுக்கு). வெள்ளிக்கிழமை கடைசி இருபது நிமிடம், பழைய வினாத்தாளிலிருந்து ஒரு ஐந்து மார்க் கேள்வியை எடுத்து, விளக்கம் புத்தகத்திலிருந்தும் உதாரணம் தன் நோட்டிலிருந்தும் என்று எழுத வைத்தால் பரீட்சைக்கும் அதுவே பயிற்சி.