சுங்கை சிப்புட் வீட்டில் பழைய கணினியில் டிவி பார்க்க எந்த டியூனர் வாங்கலாம்?

அம்மாவுக்காக மலேசிய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறீர்கள். சரி, டியூனர் என்பது ஏரியலில் வரும் ஒளிபரப்பைக் கணினிக்குத் தரும் கருவி. அதன் பெட்டியில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு வகை அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் டிவிபி-டி என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றபின் நம் மலேசியாவில் வருவது டி2தான். பழைய வகையை வாங்கி, ஒரு சேனல்கூடச் சிக்காமல் நான் ஒரு வாரம் அலைந்தேன். ஆஸ்ட்ரோ இதில் வராது. அது சந்தா கட்டிப் பார்க்கும், பூட்டிய செயற்கைக்கோள் ஒளிபரப்பு.

அப்புறம் ஏரியல். ஜன்னலோரம் வைத்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கூரையில், செம்பனை மட்டைகளுக்கு மேலே ஏற்றியதும் தெளிந்தது.

விண்டோஸ் என்றால் டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் நெக்ஸ்ட்பிவிஆர் என்ற செயலி போதும், இலவசம். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற செயலி பதிவு செய்யும், கோடி (Kodi) என்ற செயலி திரையில் காட்டும். ஆனால் டியூனருக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.